777 போட்ட மருமகனுக்கு

வா மருமகனே, உக்காரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, இன்னைக்கும் அந்த விண்டோஸ் ஃபோல்டர்ல உன்னை எழுதவிடலேன்னு. உங்க ஆத்தா போன் போட்டு, "அண்ணே, பய ராத்திரியெல்லாம் 777, 777ன்னு பொலம்புறான், லாட்டரிச் சீட்டு எதுவும் வாங்கித் தொலைச்சுட்டானா?"ன்னு கேக்குறா. இல்ல தங்கச்சி, லாட்டரின்னா என்னைக்காவது ஒருநா விழும், இது விழவே விழாதுன்னு சொல்லி வச்சேன்.

நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். நல்லாப் போடு. 888ன்னு ஒண்ணு இல்லாமப் போச்சேன்னுதான் எனக்கு வருத்தம். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியிடணும், டிசைன் பூராவும் விண்டோஸ் மெஷின்ல கெடக்கு, சர்வர் லினக்ஸு, நடுவுல நீ. பொலம்பத்தான் செய்வே. ஆனா நீ சூடோ போட்டு அடிச்ச அந்த சிஹெச்மாட் கமாண்டு உனக்கு எம்புட்டு மரியாதை குடுத்துச்சு பாத்தியா? எரர்னு ஒரு வார்த்தை சொல்லல. கமுக்கமா வாங்கிக்கிட்டு, கமுக்கமாத் தூக்கிப் போட்டுருச்சு. திரும்ப எல்எஸ் மைனஸ் எல் அடிச்சா அதே ரூட்டு, அதே 755.

அங்கிட்டு இருக்கிறது விண்டோஸுல்ல ராசா. ஓனருக்கு மூணு, குரூப்புக்கு மூணு, ஊருக்கு மூணுன்னு ஒன்பது பிட்டு வச்சுக்கிற பழக்கம் அதுக்குக் கிடையாது. யாரு என்ன செய்யலாம்னு ஃபைலுக்கு ஃபைல் ஒரு ஏசிஎல் பட்டியல் வச்சிருக்கும். சாதாரணமா மவுண்ட் பண்ணின ஷேர்ல நீ சிஹெச்மாட் அடிச்சா அதுக்குப் புரியிறது ஒண்ணே ஒண்ணுதான். எழுதுற பிட்டு அம்புட்டையும் பிடுங்கிட்டேன்னா ஃபைலுக்கு ரீட் ஒன்லி டிக்கு விழும். திருப்பிக் குடுத்தா டிக்கு போகும். மத்ததெல்லாம் காத்துல எழுதுனதுதான்.

ஷேருங்கிறது சம்பந்தி வீடு மருமகனே. வாசல் வரைக்கும் நீ எந்தக் கோலத்துல வேணும்னாலும் போகலாம், ஆனா பீரோ சாவி அவுக இடுப்புல இருக்கு. "அந்த பீரோ எனக்குத்தான்"னு நம்ம வீட்டுச் சுவத்துல எழுதி ஒட்டிக்கிட்டா அவுக சண்டைக்கு வரமாட்டாக, சிரிச்சுட்டுப் போயிருவாக. எல்எஸ் காட்டுற 755 நம்ம சுவத்துல ஒட்டின சீட்டு. மவுண்ட் பண்ணும்போது நீ ஒண்ணும் சொல்லாட்டி லினக்ஸ் அதாகவே எழுதி ஒட்டிக்கிடும்.

சரி, எழுதவிடாதது யாரு? அத மொதல்ல கண்டுபிடி. நீ சூடோ போட்டு மவுண்ட் பண்ணினே, யூஐடி எதுவும் சொல்லல. அதனால அங்க உள்ள அம்புட்டு ஃபைலும் ரூட்டு பேருல நிக்குது. நீ சாதா ஆளு. அப்ப உன்னைத் தடுத்தது விண்டோஸே இல்ல, உன் சொந்த கெர்னல். கோரிக்கை கேபிளுக்கே போகல. இங்கனயே மறிச்சுப்புட்டான். அந்தக் கோவத்துல நீ டிசைன் மெஷினைப் போயித் திட்டிட்டு வந்திருக்க, பாவம் அது. மவுண்ட் ஆப்ஷன்ல யூஐடி ஈக்வல் 1000, ஜிஐடி ஈக்வல் 1000ன்னு உன் நம்பரைக் குடு. இன்னும் நாலு பேரு எழுதணும்னா ஃபைல் மோடு, டைரக்டரி மோடு ரெண்டையும் அதே வரியில குடு. அங்கதான் 777 ஆசையை எல்லாம் தீத்துக்கிடணும்.

அதுக்கப்புறமும் எழுத விடலேன்னு வை, ரூட்டா நின்னு ஒரு டச் அடிச்சுப் பாரு. இந்தப் பக்கத்துக் காவல் ரூட்டைத் தடுக்காது. ரூட்டுக்கும் பெர்மிஷன் டினைட்னு வந்தா, தடுக்கிறவன் அங்கிட்டு இருக்கான். அங்கிட்டு ரெண்டு காவல். ஃபோல்டரை ஷேர் பண்ணும்போது குடுக்கிற ஷேர் பெர்மிஷன் ஒண்ணு, செக்யூரிட்டி டேப்ல இருக்கிற என்டிஎஃப்எஸ் பெர்மிஷன் இன்னொண்ணு. ரெண்டுல எவன் கறாரோ அவன் பேச்சுதான் எடுபடும். உங்க டிசைனர் பய ஒண்ணுல எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல்னு அள்ளிக் குடுத்துட்டு இன்னொண்ணைத் தொட்டே பாத்திருக்க மாட்டான். "நான் எல்லாத்தையும் தொறந்து விட்டுட்டேண்ணே"ன்னு உங்கிட்ட சத்தியம் பண்ணுவான். நம்பு. சத்தியம் பண்ணினா நம்பணும்ல?

போன வாரம் வந்த எரர் 13 வேற ரகம். அது உள்ளயே சேத்துக்கல. பாஸ்வேர்டு சரிதான் மாமா, டிசைனர் கண்ணு முன்னாடி அதையே அடிச்சுத்தான் உள்ள போறான்னு சொன்னே. அவன் அடிச்சது நாலு எழுத்துப் பின் நம்பரு. அது அந்த ஒரு மெஷினோட மூஞ்சிக்கு மட்டும் செல்லும், நெட்வொர்க் வழியா வாரவனுக்குச் செல்லாது. சரி, பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்டை வச்சு நுழைஞ்சிரலாம்னா அதுவும் நடக்காது. பாஸ்வேர்டு இல்லாதவன் நேருல உக்காந்துதான் லாகின் பண்ணலாம், கேபிள் வழியா வரக்கூடாதுன்னு விண்டோஸ்ல பாலிசி தானாவே போட்டிருக்கும். கெஸ்ட்டா வாரேன்னு சொல்லிப் பாத்தியா? பழைய மெஷின்ல நடந்திருக்கும். விண்டோஸ் 11ல 24ஹெச்2 வந்ததுல இருந்து புரோ, என்டர்பிரைஸ் மெஷினெல்லாம் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கையெழுத்து கேக்குது. கெஸ்ட்டுக்கு ஏது கையெழுத்து? பேசாம அந்த மெஷின்ல உனக்குன்னு தனியா ஒரு லோக்கல் யூசரை உண்டாக்கி, அதுக்கு ஒழுங்கா ஒரு பாஸ்வேர்டு குடு. டிசைனரோட சொந்த அக்கவுண்டை வாங்கிப் பொழைக்காத. அவன் பொண்டாட்டியோட சண்டை போட்ட அன்னைக்கு பாஸ்வேர்டை மாத்துவான், நம்ம பேக்கப்பு நிக்கும்.

எரரு வந்தவுடனே நீ கூகுள்ல தேடுற பாரு, அது அழகு. அந்த எரருக்கு அடுத்த வரியில என்ன எழுதியிருக்குன்னு என்னைக்காவது படிச்சிருக்கியா? மேன் பேஜைப் பாரு, கெர்னல் லாகைப் பாருன்னு பச்சையா எழுதியிருக்கும். டிமெசேஜ் அடிச்சா கடைசி நாலு வரியில ஸ்டேட்டஸ் லாகான் ஃபெயிலியர்னு இருந்தா பேரோ பாஸ்வேர்டோ தப்பு. அக்கவுண்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்னு இருந்தா நான் சொன்ன பாஸ்வேர்டு இல்லாத அக்கவுண்டு விவகாரம். பேட் நெட்வொர்க் நேம்னு இருந்தா ஷேர் பேரையே தப்பா அடிச்சிருக்க. உண்மையைச் சொல்ல ஒருத்தன் காத்துக்கிட்டு நிக்கிறான், நீ ஊரு பூராவும் குறி கேட்டுக்கிட்டு அலையிற.

படிக்க ஒண்ணுமே இல்லாத காலத்துல ஒருத்தன் என்ன செஞ்சான்னு சொல்றேன், கேளு. ஷேர் பேசுற இந்த எஸ்எம்பி பாஷை ஐபிஎம்ல பேரி ஃபைகன்பாம்னு ஒருத்தர் 1980கள்ல உண்டாக்குனது. பெறகு மைக்ரோசாஃப்ட் எடுத்துத் தன் இஷ்டத்துக்கு வளத்துக்கிட்டான். கான்பெராவுல இருக்கிற ஆஸ்திரேலியன் நேஷனல் யுனிவர்சிட்டியில ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்னு ஒரு பிஎச்டி பையன், 1991 டிசம்பர்ல, தன் டாஸ் பிசி யூனிக்ஸ் மெஷினோட பேசணும்னு ஆசைப்பட்டான். கையில புஸ்தகம் இல்ல. இப்படிக் கேட்டா என்ன பதில் போகுது, அப்படிக் கேட்டா என்ன வருதுன்னு கேபிள்ல போற பொட்டலத்தை உத்துப் பாத்தே எழுதி முடிச்சுட்டான். அதுதான் சாம்பா. மொதல்ல எஸ்எம்பி சர்வர்னு பேரு வச்சான், அது இன்னொரு கம்பெனியோட டிரேட்மார்க்குன்னு தாக்கல் வந்துச்சு. உடனே யூனிக்ஸ்ல இருக்கிற அகராதி ஃபைல்ல கிரெப் அடிச்சு, எஸ், எம், பி வரிசையா வாற வார்த்தையைப் பொறுக்கி எடுத்துக்கிட்டான். வக்கீலைத் தேடல, கிரெப்பைத் தேடுனான். உன்னை மாதிரி ஆளா இருந்தா கம்ப்யூட்டருக்கே 777 போட்டிருப்பான்.

"மைக்ரோசாஃப்ட் வேணும்னே நம்மளை விரட்டுறான் மாமா"ன்னு நீ சொல்ற வசனம் இருக்கே, அது ஒரு காலத்துல நெசம். 2004 மார்ச்ல ஐரோப்பிய கமிஷன் 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் போட்டு, சர்வர் பாஷையை மத்தவனுக்கும் சொல்லுன்னு உத்தரவு போட்டுச்சு. அவன் கோர்ட்டுக்குப் போனான், 2007 செப்டம்பர்ல தோத்தான். அந்த டிசம்பர்ல ஒரே ஒருதடவை 10,000 யூரோ கட்டி, சாம்பா ஆளுக கையில முழுக் குறிப்பும் வந்து சேந்துச்சு. இப்ப நிலவரம் என்ன தெரியுமா? லினக்ஸ் கெர்னலுக்குள்ள எஸ்எம்பி ஷேரை மவுண்ட் பண்ற சிஃப்ஸ் கிளையண்டை எழுதிப் பராமரிக்கிற ஸ்டீவ் ஃபிரெஞ்ச் முன்னால ஐபிஎம்ல இருந்தவர், இப்ப மைக்ரோசாஃப்ட்ல சம்பளம் வாங்குறார். ஆக, எதிரி வீட்டுக் காசுலதான் நம்ம மவுண்டு ஓடுது. வேற வசனம் யோசி.

அடுத்து 112. ஹோஸ்ட் இஸ் டவுன். பிங் போட்டா சிரிச்சுக்கிட்டே பதில் குடுக்குது, மவுண்ட் போட்டா மெஷின் டவுனுங்குது. எந்த மெஷின்? பிளேட் அடிக்கிற சிடிபிக்குப் பக்கத்துல இருக்கே, அந்த எக்ஸ்பி. டிரைவர் வேற எதுலயும் ஓடாதுன்னு சொல்லி வச்சிருக்கானுக. அந்த எக்ஸ்பிக்குத் தெரிஞ்சது எஸ்எம்பி 1 மட்டுந்தான். ரெண்டாவது பாஷை விஸ்டாவோட வந்துச்சு. நம்ம லினக்ஸ் 2017ல 4.13 கெர்னல்ல இருந்து, கேக்காம முதல் பாஷையில பேச மாட்டேன்னு நிறுத்திக்கிட்டான். ரெண்டு பேருக்கும் பொதுப் பாஷை இல்ல. அதைத்தான் டவுனுன்னு சொல்லுது.

உனக்கு ஒருத்தன் சொல்லிக் குடுத்திருப்பானே, வெர்ஸ் ஈக்வல் 1.0 போடுன்னு. போட்டவுடனே வேலை செஞ்சிருக்கும். ஆகா, என்ன சந்தோசம்! அந்த சந்தோசத்துல மத்த அம்புட்டு மெஷினுக்கும் அதையே போட்டியாம்ல. பிரமாதம். 2017 மே 12ஆந்தேதி வான்னாக்ரைன்னு ஒண்ணு கெளம்பி, இங்கிலாந்து ஆஸ்பத்திரியில எல்லாம் ஆப்பரேசனை நிறுத்தி வச்சதே, அது நுழைஞ்சது இதே எஸ்எம்பி 1 ஓட்டை வழியாத்தான். அடைக்கிறதுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே பேட்ச் குடுத்துட்டான், போட்டவன் பொழைச்சான். அந்த வருசக் கடைசியில வந்த விண்டோஸ் 10ல இருந்து எஸ்எம்பி 1ஐத் தானா ஏத்துறதையே விட்டுட்டானுக. உண்டாக்குனவனே வேண்டாம்னு ஒதுக்கினதை நீ ஊரெல்லாம் பந்தி வைக்கிற. அந்த எக்ஸ்பிக்கு மட்டும், அந்த ஒரு வரியில மட்டும் 1.0 வை. அதுக்கு இண்டர்நெட்டு ஆகாது, மத்த மெஷினோட சங்காத்தமும் ஆகாது. சர்வர்ல ஒரு நெட்வொர்க் கார்டு சும்மாதானே கெடக்கு? அதுக்கும் இதுக்கும் நேரா ஒரு ஒயரு.

மவுண்டே பண்ணாம, ராங் எஃப்எஸ் டைப்பு, பேட் சூப்பர்பிளாக்குன்னு என்னமோ பயங்காட்டுச்சுன்னா டிஸ்க்கு போச்சுன்னு அழாத. சிஃப்ஸ் யூட்டில்ஸ் பேக்கேஜை நீ ஏத்தல, அம்புட்டுதான்.

பேரு எழுதுறதுல ஒரு கூத்து. விண்டோஸ்காரன் பாதையை ரெண்டு பின்சாய்வு போட்டு எழுதுவான். நீ அதை அப்படியே காப்பி அடிச்சு டெர்மினல்ல ஒட்டுற. ஷெல்லுக்குப் பின்சாய்வுன்னா அடுத்த எழுத்தை அப்படியே வைன்னு அர்த்தம். ரெண்டு சாய்வுல ஒண்ணைத் தின்னுரும், நடுவுல இருக்கிற ஒண்ணை மொத்தமாத் தின்னுரும், சர்வர் பேரும் ஷேர் பேரும் ஒட்டிக்கிட்டு ஒரே வார்த்தையா நிக்கும். அப்படி ஒரு மெஷின் இந்த ஜில்லாவுலயே கிடையாது. முன்சாய்வு போடு, மவுண்ட் ஏத்துக்கிடும். ஷேருக்கு "டெய்லி காலண்டர்"னு எடவெளி விட்டுப் பேரு வச்சிருக்கானே அந்தப் புண்ணியவான், எஃப்எஸ்டேப்ல அந்த எடவெளிக்குப் பதிலா பின்சாய்வு 040ன்னு எழுதணும். பேரு வச்சவனைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் குடுத்து, பேரை மாத்தச் சொல்றது அதைவிட லேசு.

பாஸ்வேர்டையும் எஃப்எஸ்டேப்லயே எழுதிப்புட்டே. நல்ல மனசு. அந்த ஃபைலை மெஷின்ல அக்கவுண்ட் உள்ள எவனும் படிக்கலாம்.  இல்ல, கமாண்டுலயே குடுக்கிறேன்னா ஹிஸ்டரியில போய் உக்காந்துக்கிடும். அதுபோக உன் பாஸ்வேர்டுல கமா இருந்தா ஆப்ஷன் அங்கனயே ரெண்டாப் பிளந்துக்கிடும், டாலர் இருந்தா ஷெல் அதுக்கு வேற அர்த்தம் எடுத்துக்கிடும். ரூட்டு மட்டும் படிக்கிற மாதிரி 600 போட்ட தனி ஃபைல்ல யூசர்நேம் ஒரு வரி, பாஸ்வேர்டு ஒரு வரி எழுதிட்டு, கிரெடென்ஷியல்ஸ் ஈக்வல்னு அதோட பாதையைக் குடு. சிஹெச்மாட் உருப்படியா வேலை செய்யிற எடம் இதுதான், இதை மட்டும் செய்ய மாட்டே.

இனிமே சொல்றதைக் கொஞ்சம் காதைக் குடுத்துக் கேளு. காலையில கரண்டு போயி வருது. ரெண்டு மெஷினும் ஒண்ணா எந்திரிக்குது. நம்ம லினக்ஸ் பரபரன்னு எந்திரிச்சுரும், விண்டோஸ் அப்டேட்னு சொல்லி வட்டம் சுத்திக்கிட்டு இருக்கும். எஃப்எஸ்டேப்ல வெறுமனே எழுதியிருந்தா லினக்ஸ் அதுக்காகப் பூட்லயே காத்துக் கெடக்கும். நோஃபெயில் போட்டா காத்துக்கிடாது, ஷேர் இல்லாமயே எந்திரிச்சுரும். இந்த ரெண்டாவதுலதான் ஆபத்து இருக்கு. ஷேர் மவுண்ட் ஆகாட்டியும் அந்த ஃபோல்டர் அங்கனதான் இருக்கும், காலியா. பாக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்கிரிப்டுக்கு அதைவிடத் தெரியாது.

இங்க ஒரு பிரஸ்ஸுல நடந்தது. பேரு வேண்டாம், அவுக பொண்ணைத்தான் உனக்குக் கேக்கலாம்னு உங்க ஆத்தா சொல்லிக்கிட்டு இருக்கா. ராத்திரி ராத்திரி ஆர்சிங்க் ஓடுது, விண்டோஸ் ஷேர்ல இருந்து பேக்கப் டிஸ்க்குக்கு, மைனஸ் மைனஸ் டிலீட்டோட. அங்க இல்லாததை இங்கயும் அழின்னு அதுக்கு அர்த்தம். ஒருநா ராத்திரி ஷேர் மவுண்ட் ஆகல. ஆர்சிங்க் போய்ப் பாத்துச்சு, ஃபோல்டர் இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல. சரி, மொதலாளி எல்லாத்தையும் அழிச்சுட்டார் போலன்னு, பேக்கப்பையும் சுத்தமாத் தொடச்சு வச்சுட்டு, வெற்றின்னு லாக் எழுதிட்டுப் போயிருச்சு. டிசைன் மெஷின் நல்லா இருந்ததால தப்பிச்சாக. அந்த வாரம் அந்த ஹார்ட் டிஸ்க் போயிருந்தா? நேர்மாறாவும் நடக்கும். ஷேருக்குள்ள எழுதுறதா நெனச்சு அந்தக் காலி ஃபோல்டருக்குள்ள எழுதி, சர்வரோட சொந்த டிஸ்க்கை நெரப்பி வச்சிரும்.

ஸ்கிரிப்டோட மொதல் வரியில மவுண்ட்பாயிண்ட் மைனஸ் க்யூ போட்டுப் பாத்து, மவுண்ட் ஆகலேன்னா வெளிய போன்னு எழுது. எனக்குப் பிடிச்ச குறும்பு இன்னொண்ணு இருக்கு. ஷேரை அவுத்து வச்சிருக்கும்போது அந்தக் காலி ஃபோல்டருக்கு சிஹெச்ஆட்ரிபியூட் பிளஸ் ஐ போட்டுரு. பெறகு ரூட்டே வந்தாலும் அதுக்குள்ள ஒரு ஃபைல் எழுத முடியாது, ஆனா அது மேல மவுண்ட் பண்ணலாம். எஃப்எஸ்டேப்ல எக்ஸ் சிஸ்டம்டி ஆட்டோமவுண்டையும் சேத்துக்க. எவனாவது ஃபோல்டரைத் தொடும்போதுதான் போய் மவுண்ட் பண்ணும், விண்டோஸ் ஆற அமர எந்திரிச்சு வரலாம்.

ஃபைல் பேருக்கு வாரேன். வெள்ளிக்கிழமை தாளுக்கு "ராகு 10:30"ன்னு ஸ்கிரிப்டு பேரு வைக்குது. லினக்ஸ்ல அது குத்தமே இல்ல. விண்டோஸ்ல கோலன் கூடாது, கேள்விக்குறி கூடாது, நட்சத்திரம் கூடாது. நம்ம கெர்னல் சாமர்த்தியமா அதுக்குப் பதிலா வேற ஒரு எழுத்தை மாத்தி அனுப்பிரும், திரும்ப வாங்கும்போது கோலனாவே காட்டும். டிசைனர் பக்கம் பாத்தா அந்த எடத்துல என்னமோ கட்டம் நிக்கும். வைரஸ்னு சொல்லி ஃபைலை அழிப்பான். ராகு காலத்துல அழிப்பான். அதுபோக, தை டாட் டிஃப்னு சின்ன இங்கிலீசு எழுத்துல ஒண்ணு, பெரிய எழுத்துல ஒண்ணுன்னு நீ ரெண்டு ஃபைல் வச்சிருப்பே. விண்டோஸுக்கு ரெண்டும் ஒரே தை. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா ஒண்ணுதான் மிஞ்சும்.

யூமவுண்ட் போட்டா டார்கெட் இஸ் பிஸின்னு சொல்லுதுன்னு அதுக்கும் விண்டோஸைத்தான் வைஞ்சிருக்க. ஃபியூசர் மைனஸ் விஎம் அடிச்சு யாரு உள்ள இருக்கான்னு பாரு. உன் பேருதான் இருக்கும். மூணு டெர்மினலைத் தொறந்து மூணுலயும் அந்த ஃபோல்டருக்குள்ளயே நின்னுக்கிட்டு, வீட்டைக் காலி பண்ணுன்னா யாரைப் பண்ணச் சொல்ற? மொதல்ல நீ வெளிய வா. விண்டோஸ் மெஷினை எவனாவது அணைச்சுட்டுப் போயி இங்க டிஎஃப்பும் எல்எஸ்ஸும் உறைஞ்சு நின்னா கில் மைனஸ் 9 அடிச்சுக் கையை நோகடிக்காத. அந்தப் பிராசஸ் டி நிலையில கெடக்கும், காது கேக்காது. யூமவுண்ட் மைனஸ் எல் போட்டுப் பாதையில இருந்து கழட்டி விட்டுட்டு வேற சோலியப் பாரு.

அந்த எக்ஸ்பிக்கு ஒயரு இழுக்க எலக்ட்ரீசியன் சாயங்காலம் வாரான். காசு நீதான் குடுக்கணும், மொதலாளிகிட்ட அப்புறம் வாங்கிக்க. இப்ப உள்ள போயி, அத்தை தோசை ஊத்துறா, சாப்பிட்டுட்டுப் போ.